இடக்கால்

காலையில் கூண்டைத் திறந்தேன்.
பெட்டைகள் மூன்றும் அதைத் தாண்டிக்கொண்டு
வெளியே போயின, வாசற்படியைத் தாண்டுவதுபோல.
சேவல் எழுந்திருக்கவில்லை.
ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே நீட்டி
ஓடப் புறப்பட்ட நிலையில் கிடந்தது.
இடக்கால் விரல்கள் மடங்கியிருந்தன
சில்லறையை மூடிப் பிடித்த மாதிரி.

"அறுத்துடு. மத்ததுக்கும் ஒட்டிக்கும்"
என்றார் இவர், சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டபடி.
பிறகு அவருக்கே ஞாபகம் வந்து
எண்ணெய்க் குப்பியை மூடினார்.

முனீஸ்வரனுக்கு நேர்ந்துவிட்ட சேவல் இது.
வார்டு ஆபீஸ் சுவரில் பட்டாளத்துக்குப் பெயர் ஒட்டிய ராத்திரி
மஞ்சள் துணியில் காசு முடிந்து
இதன் காலைக் கழுவி
எம்பிள்ளை எல்லை தாண்டட்டும் என்றேன்.
அப்போது இதற்குக் குரல் உடையவில்லை.
அவனுக்கு உடைந்து ஒரு வருஷம்தான்.
வீட்டில் மாசிலா, பள்ளிக்கூடப் பதிவில் யே வின்.
மூன்று மாதம் முடோன் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் ஒளிந்திருந்து
கிளம்பிப் பதினோரு நாள் ஆகிறது.

மருந்துக்கடை மின் தூ
ஆளுக்கா கோழிக்கா என்று கேட்டான்.
"எல்லாம் ஒரே பி-காம்ப்ளெக்ஸ்தான், அமா."
ஊசியைக் கழற்றிவிட்டு வெறும் சிரிஞ்சைத் தந்தான்.

அலகைப் பக்கவாட்டில் திறக்க வேண்டும்.
நாக்குக்குப் பின்னால் ஓர் ஓட்டை, அது மூச்சு.
அதில் சொட்டினால் போச்சு.
முதல்நாள் பாதி மருந்து என் ரவிக்கையில்.
முட்டைக்கரு, பனைவெல்லத் தண்ணீர், நசுக்கிய பூண்டு.
பக்கத்து வீட்டு டோ தான் ஷின் கொண்டுவந்த பச்சிலைக்குத்
தமிழில் என்ன பேரோ, தெரியாது.
நானும் ஒன்றைக் கடித்துப் பார்த்தேன்,
ராத்திரி வரை கசந்தது.

தானாக நிற்காததை நிறுத்திவைக்க வேண்டுமாம்.
அவன் விட்டுப்போன பச்சைக்கட்ட லுங்கியில்
இரண்டு ஓட்டை வெட்டினேன்.
கத்தரி ஒருதரம் நின்றது, பிறகு போனது.
இரண்டு நாற்காலிக்கு நடுவே தூளி,
விரல்நுனி தரையில் படுகிற உயரத்தில்.
காலைப் பிடித்து மடக்கி நீட்டுவேன், நாற்பது தடவை.
அது என்னைப் பார்க்காது, சுவரைப் பார்க்கும்.

கரண்ட் வந்தால் நாலு மணி நேரம்.
ஒரே பிளக்கில் அதற்குச் சூடு காட்ட பல்பும்
என் போனும்.
இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை.

ஆறாம் நாள் பச்சையாகக் கழிந்தது.
இது செத்துவிட்டால் அங்கே
என்று ஒரு நினைப்பு வந்தது. எழுந்துபோய் அரிசி களைந்தேன்.

ஒன்பதாம் நாள் போன்.
"அம்மா, மே சோட் வந்தாச்சு. ராத்திரி ராத்திரியா நடந்தோம்.
கால்தான் வீங்கிப்போச்சு."
எந்தக் கால் என்று கேட்டேன்.
சிரித்தான்.
"ரெண்டும்தாம்மா."
லைன் போய்விட்டது.

மறுவாரம் லுங்கியிலிருந்து தானே குதித்தது.
இடக்காலை இழுத்து இழுத்து
ஒரே வட்டமாகச் சுற்றியது, விழுந்தது, சுற்றியது.
பூசாரி அய்யாக்கண்ணு வந்து பார்த்தார்.
"ஊனம் சாமிக்கு ஆகாதும்மா.
கால் நேராகட்டும். இல்லையா, வேற வாங்கு."
வேற என்றால் முப்பதாயிரம் கியாட்.
இவர் நாள்காட்டியில் விரலை ஓட்டினார்.
"ஆடி ரெண்டாம் வெள்ளிக்குள்ள சரியாயிடும்.
மருந்த மட்டும் விட்டுடாத."
அவர் சொல்வதும் சரி. கேட்டது கிடைத்தது,
கொடுக்க வேண்டியது கொடுத்தாக வேண்டும்.
புட்டியில் பாதிக்கு மேல் இருக்கிறது.

இன்று நாலரைக்குக் கூவிற்று.
நடுவில் உடைந்து, மறுபடி முதலிலிருந்து.
இருட்டில் இவர் எழுந்து உட்கார்ந்தார்.
"நேத்து மருந்து குடுத்தியா?"

"குடுத்தேன்."

ஜன்னல் கட்டையில் சிரிஞ்சு,
உள்ளே மூன்று நாள் எறும்பு.